சுழி

என் வீடு உருளைக்கிழங்குத் தெருவில்.
அடுத்தது பட்டாணித் தெரு, அதற்கப்புறம் அவரைத் தெரு.
தார்த்து நகரின் இந்த மூலைக்கு
சூப்பூர் என்றே பெயர். சிரிக்காதீர்கள்.
பட்டாணித் தெருவில் உர்மாஸ் கஃபே வைத்திருக்கிறான்.
வெள்ளிக்கிழமைக்குள் பன்னிரண்டு பூச்சாடி, ஹில்யா,
தடித் தடியாய் வரி தெரியணும்,
கையால் திரித்த கயிறு மாதிரி என்றான்.
ஆகட்டும் என்றேன்.
என் வாய் எப்போதும் நாசிலை முந்திக்கொள்ளும்.

பாயின்ட் நாலைக் கழற்றிவிட்டு
ஒரு மில்லிமீட்டர் நாசில் மாட்டினேன்.
லேயர் உயரம் பாயின்ட் ஆறு.
ஸ்பைரல் என்ற கட்டத்தில் ஒரு டிக்.
உடனே ஸ்லைசர்
உள்நிரப்பு, மேல்மூடி, இரண்டாம் சுவர்
எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கி ஒதுக்கியது,
விரதக்காரர் முன்னாலிருந்து
பலகாரத் தட்டை நகர்த்துவதுபோல்.

முதல் சாடி
முழங்கால் உயரம்வரை ஒழுங்காக வந்தது. பிறகு கந்தல்.
பச்சை நூல் அறுந்து அறுந்து,
எலி கடித்த ஸ்வெட்டர்.
ஈரம்தான் என்று தீர்மானித்து
பிலமெண்டை ஆறு மணி நேரம் காயவைத்தேன்.
இரண்டாவதும் கந்தல். காய்ந்த கந்தல்.
சூட்டை ஏற்றினேன்.
மூன்றாவது தோள் சரிந்து
கடைசி பஸ்ஸில் தூங்குகிறவர்போல நின்றது.

நள்ளிரவுக்கு மேல்தான் பென்சிலை எடுக்கத் தோன்றியது.
உயரம் பாயின்ட் ஆறு,
அகலம் ஒன்று பாயின்ட் இரண்டு,
வேகம் நொடிக்கு நாற்பது மில்லிமீட்டர்.
பெருக்கினால் இருபத்தெட்டே முக்காலுக்கும் கொஞ்சம் மேலே.
என் ஹாட்எண்ட் உருக்குவதோ
பதினைந்து, அதுவும் முக்கி முனகி.
சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.
மூன்று நாளாக அந்த மெஷினைச்
சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.
வேகத்தைப் பாதியாக்கினேன். இருபது.
மன்னிப்புக்கு ஸ்லைசரில் கட்டம் இல்லை.

நான்காம் சாடி வந்தது.
ஏறிக்கொண்டே போகும் ஒரே கோடு,
எங்கும் தையல் இல்லை,
தெருவிளக்கு உள்ளே புகுந்து
வரிவரியாய்ச் சுற்றி மேலே போனது.
தண்ணீர் ஊற்றினேன்.
மேஜை நனைந்தது.

டார்ச் அடித்துப் பார்த்தேன், ஓட்டை தெரியவில்லை.
சாடியின் வாயைக் கன்னத்தோடு அழுத்தி
வெளியிலிருந்து அடியைச் சுற்றி ஊதிக்கொண்டே வந்தேன்.
ஓரிடத்தில் கன்னம் குளிர்ந்தது.
அடித்தட்டு முடிந்து சுவர் தொடங்கும் இடம்.
முதல் சுற்றில் மட்டும்
கோடு சுழியிலிருந்து கிளம்புகிறது,
ஒன்றுமில்லாத தடிமனிலிருந்து
ஒரு வட்டம் போய் வருவதற்குள்
பாயின்ட் ஆறாக வளர்ந்தாக வேண்டும்.
மெல்லிய லேயரில் இது யாருக்கும் தெரியாது.
தடித்த லேயரில் அது திறந்த கதவு.
சுழி என்றால் பூஜ்யம்.
சுருளும் சுழிதான்.
ஆற்றில் ஆளை இழுப்பதும் அதுவே.
ஊசி நுழையாத அந்தச் சந்தில்
மூன்றும் குடியிருந்தன.

அடித்தட்டை இரண்டிலிருந்து நான்கு லேயராக்கி,
முதல் சுற்றுகளுக்கு விசிறியை அணைத்து,
கோட்டைக் கொஞ்சம் கொழுக்கவைத்து,
இன்னும் மெதுவாக, இன்னும்
மெதுவாக.
ஐந்தாவதை இரவு முழுக்க
செய்தித்தாள்மேல் நிறுத்திவைத்தேன்.
காலையில் தாள் உலர்ந்திருந்தது.
பனியில் செருப்போடு போய்
தபால்காரர் கலேவியிடம் காட்டினேன்.
நல்ல செய்தித்தாள் என்றார்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டையும்
பெட்டியில் வைத்துத் தூக்கிப் போனேன்.
உர்மாஸ் ஒன்றைத் தடவிப் பார்த்தான்.
விளிம்பில், கோடு நின்றுபோன இடத்தில்,
விரல் நகம் அளவுக்கு ஒரு படி.
இது என்ன?
அங்கேதான் முடிந்தது என்றேன்.
தலையாட்டினான்.
பிறகு பின்கட்டிலிருந்து ஒரு கட்டு கொண்டுவந்தான்,
ஆற்றங்கரையில் வெட்டிய நாணல்,
எலும்பாய்க் காய்ந்தது.
நவம்பரில் பூவுக்கு எங்கே போக?
சாடிக்கு ஐந்து தண்டு.
ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அவன் காபி போடத் திரும்பினான்.
ஆறாம் மேஜைச் சாடியில்
என் டம்ளரை அப்படியே கவிழ்த்தேன்.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்,
மேஜைத் துணியையே பார்த்துக்கொண்டு.